தேடியும் அகப்படாத வடாலா: தமிழ்த் தேடல் அடைவை நிரலாக எழுதி வைப்பது பற்றி

மும்பை வடாலாவில் குடியிருந்துகொண்டு, பம்பாய்த் தமிழர் அச்சிட்ட விழா மலர்களையும் சங்க ஆண்டறிக்கைகளையும் சில ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்து வருகிறேன். பக்கத்துக்கு ஓர் ஆவணம் என்ற கணக்கில் எல்லாம் மோங்கோடிபி அட்லஸ் என்னும் மேகத் தரவுத்தளத்தில் கிடக்கின்றன. ஒருநாள் ‘வடாலா’ என்று தேடினேன். மிகச் சில பக்கங்களே வந்தன. 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாகிரகத்தில் தொண்டர்கள் வடாலா உப்பளத்துக்குள் புகுந்ததைச் சொல்லும் பக்கம் வரவில்லை. அதை நானே தட்டச்சு செய்ததால் அப்படியொரு பக்கம் உண்டு என்று தெரியும். எடுத்துப் பார்த்தால் ‘வடாலாவுக்குப் புறப்பட்ட’ என்று இருந்தது. கணினிக்கு ‘வடாலா’ ஒரு சொல், ‘வடாலாவுக்குப்’ வேறொரு சொல்.

அந்தப் பக்கத்தை நான் அறியாதவனாக இருந்திருந்தால், ‘மலர்களில் வடாலா உப்புப் போர் பேசப்படவே இல்லை’ என்று எழுதியிருப்பேன். என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. தேடலில் கிடைக்கும் சுழியும் ஓர் ஆய்வுக் கூற்று. எந்த அடைவைக் கொண்டு அந்தச் சுழி கிடைத்தது என்பதை நிரலாக எழுதி, தேதியிட்டு, தரவோடு சேர்த்துக் காக்காதவரை அந்தக் கூற்றைச் சரிபார்க்க வழியில்லை.

அடைவு நமக்குப் புதிய கருவி அல்ல. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார், வ.அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் வந்தது. புதுச்சேரி பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகப் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை வெளியிட்டது. அச்சில் வந்த அடைவில் தொகுத்தவரின் முடிவு தாளிலேயே நிற்கிறது. எதைத் தலைச்சொல்லாக வைத்தார், புணர்ச்சியை எங்கே பிரித்தார் என்பதைப் புத்தகத்தைத் திறந்தவர் எவரும் கண்டு மறுக்கலாம். மேகத்தில் இருக்கும் அடைவிலும் இதே முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ஆனால் பெரும்பாலும் அவை ஒரு திரையில் யாரோ அழுத்திய பொத்தான்களாகக் கழிந்துபோகின்றன.

அட்லஸ் 2016இல் வந்தது. அமேசான் தன் மும்பைத் தரவு மையங்களைத் திறந்ததும் அதே ஆண்டுதான். அட்லஸை அந்த மையங்களிலேயே இயக்கலாம் என்பதால் என் பக்கங்கள் இந்த நகரத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. தேடல் வசதி சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது. ஆவணங்களைக் காப்பது ஒரு செயலி. அதன் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு செயலி, ஆவணங்களில் நேரும் மாற்றங்களைக் கவனித்துத் தனி அடைவு கட்டுகிறது. அந்த அடைவின் உள்ளே இருப்பது லூசீன் என்னும் திறமூல நூலகம். உரையைச் சொற்களாக உடைக்கும் பகுதிக்கு அனலைசர், அதாவது பகுப்பான் என்று பெயர். மொழி பற்றிய தீர்ப்பெல்லாம் இந்தப் பகுப்பானிடம்தான் நடக்கிறது.

அட்லஸ் தரும் மொழிப் பகுப்பான்களில் இந்தி உண்டு, வங்காளம் உண்டு, தமிழ் இல்லை. ஸ்னோபால் என்னும் வேர்ச்சொல் திட்டம் 2019இலேயே தமிழைச் சேர்த்துக்கொண்டது. லூசீனிலும் தமிழ்ப் பகுப்பான் வந்துவிட்டது. என்றாலும் மேகச் சேவையின் பட்டியலுக்கு அது வந்து சேரவில்லை. எனவே பொதுப் பகுப்பான்களில் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும். ‘சிம்பிள்’ என்ற பெயர் எளிமையாக இருக்கிறதே என்று அதை எடுத்தால் என்ன நேரும் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். எழுத்து அல்லாத குறி வரும் இடமெல்லாம் அது சொல்லை வெட்டும். யூனிகோடு வகைப்பாட்டில் நம் துணைக்காலும் கொம்பும் புள்ளியும் எழுத்துகள் அல்ல, சார்குறிகள். ஆகவே ‘வடாலா’ என்பது ‘வட’, ‘ல’ என இரண்டு துண்டாகிறது. ‘வடை’யும் ‘வட’ என்ற துண்டாகவே நிற்கிறது. வடாலாவைத் தேடியவருக்குப் பக்கத்து மாட்டுங்காவின் ஹோட்டல் விளம்பரத்தில் உள்ள வடை வந்து சேரும். பிழைச் செய்தி எதுவும் வராது. முடிவுகள் நிறைய வருவதால், தேடல் நன்றாக நடக்கிறது என்றே எண்ணத் தோன்றும்.

‘ஸ்டாண்டர்ட்’ பகுப்பான் இப்படிச் சிதைப்பதில்லை. ஆனால் அது உருபைப் பிரிக்காது, குறியீடுகளை ஒருமைப்படுத்தவும் செய்யாது. ‘கோ’ என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியீடுகளாலும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் ‘கோயில்’ இதனால் அடைவில் இரண்டு சொற்களாகிறது. இதை யூனிகோடு ஒழுங்காக்கம் சரிசெய்துவிடும். ‘ஸ்ரீ’யை அதுவும் சரிசெய்யாது. ‘ஸ’வில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கும் ஸ்ரீ இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம்தான். சபாக்களும் கோயில்களும் நிறைந்த மாட்டுங்கா–வடாலாப் பகுதியின் மலர்களில் ஸ்ரீ இல்லாத பக்கத்தைக் காண்பது அரிது. இரண்டில் எதை எதற்கு மாற்றுவது என்பதைத் தொகுப்பவர்தான் சொல்ல வேண்டும். சொல்லும் இடம் அடைவு வரையறையில் எழுதும் ஒற்றை வரி.

நிறுவனப் பெயர்களில் சிக்கல் வேறுவிதம். வடாலாவில் கல்லூரி நடத்தும் சவுத் இந்தியன்ஸ் வெல்ஃபேர் சொசைட்டியை ‘எஸ்.ஐ.டபிள்யூ.எஸ்.’ என்று சேர்த்து எழுதினால் அது ஒரே சொல். புள்ளிக்குப் பின் இடம் விட்டால் நான்கு சொற்கள். புள்ளியே வைக்காவிட்டால் வேறொரு சொல்.

உருபுச் சிக்கலுக்கு முன்னொட்டுத் தேடலைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். சொல்லின் முதல் சில குறியீடுகளை மட்டும் அடைவில் ஏற்றும் முறை அது. ‘வடாலா’வுக்கு அது போதும். ‘மரம்’, ‘மரத்தில்’ இரண்டையும் இணைக்க வேண்டுமானால் ‘மர’ வரை குறுக்க வேண்டும். குறுக்கினால் மரபும் மரணமும் கூடவே வரும். என் முடிவு வேறு. மொழியியல் வேலையை மேகச் சேவையிடம் விடக் கூடாது. மிகுந்த வல்லொற்றை நீக்கி, உருபை நீக்கி, உடம்படுமெய்யை நீக்கி வேர்ச்சொல்லைக் காணும் விதிகளை நம் நிரலிலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு ஆவணத்திலும் மூல உரையைத் தொடாமல், அதன் பக்கத்தில் ‘வேர்’ என்று தனிப் புலம் சேர்த்து அதை அடைவில் ஏற்ற வேண்டும். ஆவணத் தரவுத்தளம் தரும் நெகிழ்வு இதற்கு வாகாக இருக்கிறது. விதி தவறினாலும் மூலம் கெடாது.

இனி நிரலின் பங்கு. மோங்கோடிபி இயக்கிகளில் தேடல் அடைவைப் படைக்கவும், பட்டியலிடவும், மாற்றவும், நீக்கவும் கட்டளைகள் உள்ளன. படைக்கும் கட்டளை பெயரைத் திருப்பித் தந்துவிட்டு உடனே முடிந்துவிடும். அடைவு அதற்குப் பிறகே பின்னணியில் கட்டப்படுகிறது. பட்டியல் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ‘வினவத்தக்கது’ என்ற புலம் ‘ஆம்’ ஆகும்வரை நிரல் காத்திருக்க வேண்டும். காத்திராமல் தேடினால் சுழி வரலாம். அடைவின் பெயரைத் தவறாக எழுதினாலும் பிழை வராது, சுழிதான் வரும். ‘தேடினேன், இல்லை’ என்பதும் ‘தேடவே இல்லை’ என்பதும் இங்கே ஒரே முகத்தோடு வருகின்றன. ஆய்வாளனுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

மாற்றும் கட்டளையிலும் கவனம் வேண்டும். புதிதாகத் தரும் வரையறை பழையதோடு சேராது, பழையதை முழுமையாக நீக்கிவிட்டு அதன் இடத்தில் அமரும். ஒரு புலத்தைச் சேர்க்க நினைத்து அதை மட்டும் எழுதி அனுப்பினால் மற்றப் புலங்கள் அடைவிலிருந்து போய்விடும். புதிய அடைவு கட்டி முடியும்வரை பழையதே பதில் சொல்லிக்கொண்டிருக்கும். வரையறை முழுவதையும் ஒரே கோப்பில் வைத்து, கிட் போன்ற பதிப்புக் காப்பகத்தில் ஏற்றி, நிரல் வழியாக மட்டுமே அனுப்புவது என்ற கட்டுப்பாடு இதனால்தான் அவசியம். அனுப்பிய பிறகு, வர வேண்டிய பக்கங்கள் தெரிந்த சில சொற்களை நிரல் தானே தேடிப் பார்க்க வேண்டும். என் சோதனைப் பட்டியலின் முதல் சொல் ‘வடாலாவுக்குப்’.

சிறிய தொகுப்புக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு, திரையில் நான்கு முறை அழுத்தினால் முடியாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அடைவைக் கட்ட அது போதும். கட்டியது எப்படி என்று மூன்று ஆண்டுகள் கழித்து இன்னொருவர் கேட்டால் பதில் சொல்ல அது போதாது. சேவையை மாற்றினால் நிரல் பயனற்றுப் போகுமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. கட்டளைகள் பயனற்றுப் போகலாம். இரண்டு ஸ்ரீயையும் ஒன்றாக்கியது, வல்லொற்றை நீக்கியது ஆகிய முடிவுகள் அந்தக் கோப்பில் படிக்கும்படி இருக்கும். அடுத்த சேவைக்கு அவற்றைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

மாற்றுச்சொற்கள் விஷயத்தில் எனக்கே பிடிபட நாளானது. மாட்டுங்கா–மாதுங்கா, பம்பாய்–மும்பை ஆகிய இணைகளை அட்லஸ் தனி ஆவணத் தொகுதியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அதில் ஒரு வரி சேர்த்தால் அடைவை மறுபடி கட்டாமலேயே தேடல் முடிவுகள் மாறிவிடும். அதாவது, வரையறைக் கோப்பில் ஓர் எழுத்தும் மாறாமல் நேற்றைய சுழி இன்று பத்துப் பக்கம் ஆகலாம். ஆகவே மாற்றுச்சொல் பட்டியலும் காப்பகத்துக்குள் வந்தாக வேண்டும். பழைய மலர் ஒன்றில் ‘வடாளா’ என்று அச்சாகியிருந்ததைக் கண்டு அதையும் பட்டியலில் சேர்த்து, தேதியிட்டு ஏற்றியிருக்கிறேன். அந்தத் தேதிக்கு முன் என் குறிப்பேட்டில் ‘இல்லை’ என்று எழுதிய இடங்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் தேடி வருகிறேன்.