பிரிண்டர் இல்லாத வீட்டின் வேலையாள்

எங்கள் வீட்டில் பிரிண்டர் கிடையாது. ஆதார் நகலோ பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டோ, எதுவானாலும் தெருமுனை ஜெராக்ஸ் கடைதான். நான்கு ஜிபி நினைவகத்தோடு முனகிக்கொண்டிருந்த பழைய லேப்டாப்பில் யார் யார் உட்கார்ந்து தின்கிறார்கள் என்று பார்க்க ஒரு நாள் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பட்டியலின் நடுவில் ஒரு பெயர்: 'ஸ்பூலர் சப்சிஸ்டம் ஆப்'. அச்சு வேலைகளை வாங்கி, வரிசையில் வைத்து, பிரிண்டருக்கு அனுப்புவது இதன் உத்தியோகம். தினமும் கணினியோடு எழுந்து, வராத பிரிண்டருக்காகக் காத்திருந்து, கணினியோடு படுத்துக்கொள்கிறது. இதை இங்கே வேலைக்கு வைத்தது யார் என்று கேட்கப்போய், பூர்வீகம் வரை போக வேண்டியதாயிற்று.

இதன் பூர்வீகம் அறையளவு கணினிகளின் காலம். ஐபிஎம் 1959இல் கொண்டுவந்த 1403 அச்சு இயந்திரம் நிமிடத்துக்கு 600 வரி அடித்தது. மனிதக் கண்ணுக்கு அது பேய் வேகம், கணினிக்கோ ஆமை. ஒவ்வொரு வரி அடித்து முடியும் வரை பெரிய கணினி கைகட்டி நின்றால், அதற்குக் கொடுக்கும் வாடகை வீண். அதனால் விடையைக் காந்த நாடாவில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். ஒரு ஆள் அந்த நாடாவைக் கழற்றி, பக்கத்திலிருக்கும் 1401 என்ற சிறிய கணினியில் மாட்டி, நிதானமாக அச்சடித்துக்கொள்வார்.

பிறகு வட்டுகள் வந்தன. நாடாவைத் தூக்கிக்கொண்டு நடந்த அந்த ஆளின் வேலையை ஒரு நிரலே எடுத்துக்கொண்டது. அச்சிட வேண்டியதை வட்டில் ஓரமாக வைத்து, இயந்திரம் ஓய்ந்த நேரம் பார்த்து அனுப்பும் அந்த முறைக்கு ஸ்பூலிங் என்று பெயர். ஸ்பூல் என்றால் நூல் சுற்றும் கண்டு. 1960களில் ஹூஸ்டனில் நாசாவின் விண்வெளி மையத்துக்காக எழுதப்பட்ட 'ஹாஸ்ப்' என்ற மென்பொருளின் பெயரிலேயே ஹூஸ்டனும் இருக்கிறது, ஸ்பூலிங்கும் இருக்கிறது. விலை உயர்ந்த கணினியின் ஒரு நொடியும் வீணாகக் கூடாது என்பதற்காகப் பிறந்த வேலையாள் இது.

கூப்பிடாமலே பின்னால் நின்று வேலை செய்யும் இத்தகைய நிரல்களுக்குப் பொதுப்பெயர் வைத்தவர்கள் எம்ஐடியில் இருந்தார்கள். 1963இல் ஃபெர்னாண்டோ கார்பாட்டோவின் குழு அவற்றை 'டீமன்' என்று அழைத்தது. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1867இல் கற்பனை செய்த ஒரு குட்டிப் பூதம், வாயு மூலக்கூறுகளைச் சளைக்காமல் தரம் பிரித்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பூதத்தின் நினைவாக வந்த பெயர். யுனிக்ஸ் உலகத்துக்குப் போனபோது நம் ஸ்பூலர் 'லைன் பிரிண்டர் டீமன்' ஆயிற்று. சொன்ன வேலையைச் செய்யும். சொல்லாவிட்டால் மூலையில் நிற்கும். அதுவரைக்கும் அதன் இடம் ஆய்வகமும் அலுவலகமும்தான். அங்கே பிரிண்டர் இருந்தது. பார்த்துக்கொள்ள ஒரு நிர்வாகியும் இருந்தார்.

1993இல் வந்த விண்டோஸ் என்டி இந்தப் பூதங்களுக்குச் 'சர்வீஸ்' என்று கௌரவமான பெயர் கொடுத்தது. யாரும் லாகின் செய்வதற்கு முன்பே எழுந்துகொள்ளும் உரிமையையும் கொடுத்தது. ஸ்பூலருக்குக் கிடைத்தது 'லோக்கல் சிஸ்டம்' என்ற பதவி. கணினியின் உரிமையாளருக்கே மறுக்கப்படும் சில அறைகளுக்குள்ளும் அதற்கு அனுமதி உண்டு. பிரிண்டருக்கான டிரைவர்களை ஏற்றி இறக்க வேண்டுமே என்று கொடுத்த அதிகாரம் அது. என்டி அலுவலகங்களுக்கானது. வீடுகளில் ஓடிய விண்டோஸ் 95, 98 வேறு வம்சம்.

2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்தபோது இரண்டு வம்சமும் ஒன்றாயின. அலுவலகத்துக்கென்று பழக்கப்பட்ட வேலையாட்கள் மொத்தமாக வீட்டுக்குக் குடிவந்தார்கள். நிர்வாகி மட்டும் கூட வரவில்லை. அலுவலகத்தில் ஊழியர்களுக்கு அறிவிப்பு அனுப்ப இருந்த 'மெசஞ்சர்' சர்வீஸ், வீட்டுத் திரையில் விளம்பரங்களைத் துப்பியது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு, ஆர்பிசி என்ற மற்றொரு சர்வீஸில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்து கணினிகளைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆக வைத்தது. அடுத்த ஆண்டு வந்த சர்வீஸ் பேக் 2, மெசஞ்சரை முன்கூட்டியே முடக்கியும் தீச்சுவரை முன்கூட்டியே போட்டும் வந்தது.

வேண்டாத சர்வீஸ்களை நிறுத்தி நினைவகத்தை மிச்சம் பிடிப்பதை அந்தக் காலத்தில்தான் பலர் பொழுதுபோக்காகவே செய்தார்கள். 128 எம்பி நினைவகத்தில் எக்ஸ்பியை ஓட்டியவர்களுக்கு இரண்டு எம்பி கிடைத்தாலும் புதையல். ஸ்பூலர் அந்தக் களையெடுப்பில் அடிக்கடி சிக்கியது. சிறிய ஆள், பிரிண்டர் இல்லாவிட்டால் பயனில்லாத ஆள் என்பதுதான் அதன்மேல் இருந்த ஒரே புகார்.

பெரிய புகார் 2010இல் வந்தது. ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தைக் குறிவைத்ததாகக் கருதப்படும் ஸ்டக்ஸ்நெட் என்ற புழு, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று இந்த ஸ்பூலர். அச்சுக்கு என்று அனுப்பிய கோப்பு தாளுக்குப் போகாமல், விண்டோஸின் சிஸ்டம் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெரிய பதவியில் இருந்த வேலையாள், யார் கொடுத்தாலும் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் உள்ளே கொண்டுபோய் வைத்ததன் விளைவு.

அந்த ஆண்டே ஓட்டையை அடைத்தார்கள். 2020இல் ஆய்வாளர்கள் மறுபடி தோண்டியபோது, 1996இன் என்டி 4 காலத்திலிருந்து வரும் இன்னொரு ஓட்டை அகப்பட்டது. அதற்கு 'பிரிண்ட் டீமன்' என்று பெயரிட்டார்கள். பழைய பூதத்தின் பெயர் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. 2021 ஜூன் கடைசியில் 'பிரிண்ட் நைட்மேர்'. சாதாரணப் பயனர் ஒருவர், பிரிண்டர் டிரைவர் என்று சொல்லித் தான் விரும்பும் நிரலை உச்ச அதிகாரத்தோடு ஓடவைக்க முடிந்தது. திருத்தங்கள் வெளியாகும் வழக்கமான நாள் வரும்வரை காத்திராமல், ஜூலை 6 அன்றே மைக்ரோசாஃப்ட் இதற்கான திருத்தத்தை வெளியிட்டது. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 7க்கும் சேர்த்து. அதற்கு முன் தற்காலிக மருந்தாக அது சொன்ன வழிகளில் ஒன்று, ஸ்பூலரை நிறுத்தி முடக்கிவைப்பது. பொழுதுபோக்குக்காரர்கள் இரண்டு எம்பிக்காகச் செய்ததை, பிறந்த வீடே பாதுகாப்புக்காகச் செய்யச் சொன்னது.

இந்தக் கதையெல்லாம் தெரிந்த பிறகு என் லேப்டாப்பில் அது எவ்வளவு தின்கிறது என்று மறுபடி பார்த்தேன். பத்து எம்பிகூட இல்லை. நிறுத்தினால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உண்மையில் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தவை வேறு: நானே நிறுவி மறந்த அரட்டை செயலி, மேகத்தோடு கோப்புகளை ஒத்திசைக்கும் இரண்டு செயலிகள், அப்டேட் வந்ததா என்று ஓயாமல் எட்டிப்பார்க்கும் சில்லறை ஆட்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் அவற்றை முடக்கியதும் லேப்டாப் மூச்சுவிட்டது. ஆர்பிசி போன்றவற்றில் கை வைக்கவில்லை. அதன் தோளில் சாய்ந்து நிற்பவை ஏராளம். எந்த சர்வீஸானாலும் 'டிபெண்டென்சீஸ்' பக்கத்தைப் பார்க்காமல் தொடக்கூடாது என்பது நான் வைத்துக்கொண்ட விதி.

ஸ்பூலரை மட்டும் வேறு கணக்கில் நிறுத்தினேன். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, சர்வீசஸ்.எம்எஸ்சி என்று அடித்து, பிரிண்ட் ஸ்பூலரைத் தேடி 'ஸ்டாப்', பிறகு 'டிசேபிள்ட்'. மிச்சமானது பத்து எம்பிக்கும் குறைவு. சாத்தியது ஒரு வாசல்.

அடுத்த வாரம் மகள் வந்து நின்றாள். "அப்பா, நோட்ஸை பிடிஎஃப் ஆக்கணும், பிரிண்டர் லிஸ்ட்லயே ஒண்ணும் இல்ல." தாளே இல்லாமல் பிடிஎஃப் அடித்துத் தரும் அந்த மாயப் பிரிண்டருக்கும் ஸ்பூலர்தான் ஆள் என்பதை மறந்திருந்தேன். பிரிண்டர் இல்லாத வீட்டிலும் அதற்கு ஒரு வேலை இருக்கத்தான் செய்தது. 'டிசேபிள்ட்' என்பதை 'மேனுவல்' ஆக்கி, 'ஸ்டார்ட்' கொடுத்தேன். அவள் வேலை முடிந்ததும் 'ஸ்டாப்'.

இப்போது அது மாதம் ஓரிரு முறை எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறது. கூப்பிட்டால் வரும், முடித்துவிட்டுப் போகும்.