பெண்களின் இடுப்புத் தள நலம்

இடுப்புத் தளம் என்பது இடுப்புக்கூட்டின் அடிப்பகுதியை மூடி, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய உறுப்புகளைத் தாங்கி நிற்கும் தசைகளும் இணைப்பிழையங்களும் சேர்ந்த அடுக்கு ஆகும். முன்புறப் பூப்பெலும்பிலிருந்து பின்புற வால் எலும்பு வரை இது ஒரு தூளியைப் போல விரிந்துள்ளது. இத்தளம் தளரும்போது சிறுநீர்க் கசிவு, மலத்தை அடக்க இயலாமை, கருப்பை இறக்கம் முதலியன தோன்றுகின்றன. தொடக்க நிலையில் இவற்றுள் பல அறுவை மருத்துவம் இன்றியே குறையக்கூடியவை. எனினும் பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்ற எண்ணத்தால் பெண்கள் பலர் இவற்றை நோயாகவே கருதுவதில்லை.

காரணங்கள்

பிள்ளைப்பேறே முதன்மையான காரணம். பேற்றின்போது இத்தசைகள் பெரிதும் நீட்சியடைகின்றன. ஆயுதப் பேறு, நெடுநேரம் முக்குதல், பெரிய குழந்தை ஆகியவற்றால் தசைக்கிழிவும் நரம்புச் சேதமும் நேரலாம். அறுவைப் பேறு இவ்வாய்ப்பைக் குறைக்கிறதே அன்றி, முற்றிலும் நீக்குவதில்லை. கருவைச் சுமப்பதும் தளத்திற்கு ஒரு சுமையே. மாதவிடாய் நின்றபின் ஏற்படும் ஈசுட்ரோசன் குறைவு, நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், உடற்பருமன், தொடர்ந்து பாரம் தூக்குதல் ஆகியவை பிற காரணங்கள்.

ஏழாயிரம்பண்ணை வட்டாரம்

விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூருக்கு அருகிலுள்ள ஏழாயிரம்பண்ணை, சிவகாசியைச் சூழ்ந்த தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் வட்டாரத்தைச் சேர்ந்தது. தீக்குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், சரம் பின்னுதல் போன்ற வேலைகளில் பெண்களே மிகுதி. இவ்வேலைகள் பெரும்பாலும் தரையில் அமர்ந்து செய்யப்படுபவை. தரையில் அமர்வதனாலேயே கருப்பை இறங்கும் என்று சொல்ல இயலாது. கவனிக்க வேண்டியது கூலி முறை. செய்து முடித்த எண்ணிக்கைக்கே கூலி என்னும்போது, எழுந்து செல்லும் ஒவ்வொரு முறையும் வருவாய் இழப்பாகிறது. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் சிறுநீரை அடக்குவதும் பழக்கமாகின்றன. இவை மலச்சிக்கலுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் வழிவகுக்கும். மலச்சிக்கலில் முக்குவது ஏற்கெனவே தளர்ந்த தசையை மேலும் வருத்தும். பேறு முடிந்து ஓய்வின்றி வேலைக்குத் திரும்புவதும், தண்ணீர்க் குடம், விறகு முதலிய வீட்டுச் சுமைகளும் இதனுடன் சேர்கின்றன.

பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் குடிநீரும் வேண்டும் என 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. வீட்டுக்கு எடுத்துச் சென்று செய்யும் வேலைக்கு அவ்விதி எட்டவில்லை.

பேச்சும் மௌனமும்

கருப்பை இறக்கத்தைத் தமிழகச் சிற்றூர்களில் 'அடி இறங்குதல்', 'அடி தள்ளுதல்' என்பர். மக்களிடையே சொல் இருக்கிறது; மருத்துவரிடம் அதைச் சொல்லும் துணிவே அரிது. செங்கல்பட்டுப் பகுதியில் 1981 இல் தொடங்கப்பட்ட, ருவ்செக் என அறியப்படும் கிராமப்புறப் பெண்கள் அமைப்பு இம்மௌனத்தைக் கலைக்க முயன்றவற்றுள் குறிப்பிடத்தக்கது. கருப்பை இறக்கத்துடன் வாழும் பெண்களின் அனுபவங்களை அவர்களிடமே கேட்டறிந்த இதன் ஆய்வு 1999 இல் வெளியானது. அண்டை நாடான நேபாளத்தில், இந்நோயைப் புறக்கணிப்பது பெண்களின் இனப்பெருக்க உரிமையை மீறுவது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008 இல் தீர்ப்பளித்தது.

இருமும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கசிதல், அடிவயிற்றில் இழுப்பது போன்ற கனம், யோனியில் ஏதோ உருண்டை தட்டுப்படுதல், மாலையில் இவை மிகுந்து படுத்தால் குறைதல் ஆகியன பொதுவான அறிகுறிகள். சிறுநீர் கழிக்க இயலாமை, வெளிவந்த பகுதியில் புண், மாதவிடாய் நின்றபின் குருதிப்போக்கு ஆகியன இருப்பின் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அணுக வேண்டும்.

பயிற்சி

அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948 இல் வெளியிட்ட பயிற்சி அவர் பெயராலேயே வழங்குகிறது. அடோயோகத்தின் மூலபந்தமும் ஏறத்தாழ இதே பகுதியைச் சுருக்குவதுதான். ஆயினும் அதன் நோக்கம் வேறு. வாயுவை அடக்குவது போல மலவாயைச் சுற்றியுள்ள தசையை உள்நோக்கி மேலே இழுத்து, சில நொடிகள் நிறுத்தி, பின் முழுமையாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறையேனும், நாளொன்றுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் செய்தால் பலன் தெரியும். மூச்சைப் பிடித்தல், தொடையையும் பிட்டத்தையும் இறுக்குதல் ஆகியன பலர் செய்யும் தவறுகள். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்தி நிறுத்திப் பழகுதல் கூடாது. வேலையில் அமர்ந்தபடியே பிறர் அறியாமல் செய்யலாம் என்பது இதன் பெரிய வசதி. பேற்றுக்குப்பின் வயிற்றில் துணி கட்டும் வழக்கம் இப்பயிற்சிக்கு ஈடாகாது.

இத்தசைகள் தளராமல் எப்போதும் இறுகியே இருப்பதும் ஒரு கோளாறே. அடிவயிற்று வலியோ உடலுறவில் வலியோ உள்ளவர்கள் இயன்முறை மருத்துவரைக் கேட்காமல் இப்பயிற்சியைத் தொடங்கலாகாது.

மருத்துவம்

பயிற்சி போதாதபோது யோனியினுள் தாங்கு வளையம் பொருத்தப்படுகிறது. அறுவை வேண்டாதோருக்கும் முதியோருக்கும் இது ஏற்றது. உரிய காலத்தில் எடுத்துத் தூய்மை செய்ய வேண்டும். கருப்பையை அகற்றாமலே அதை உயர்த்திக் கட்டும் அறுவை முறைகளை வகுத்தவர்களில் மும்பையைச் சேர்ந்த வி. நா. சிரோத்கரும் பி. என். புரந்தரேயும் குறிப்பிடத்தக்கவர்கள், இளம்பெண்களுக்கு இவை உதவுகின்றன. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது.

கருப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. தளர்ந்த தளம் அவ்வறுவையால் மட்டும் வலுப்பெறாது. பின்னர் யோனியின் மேற்பகுதியே இறங்கவும் கூடும். மராட்டியத்தின் பீடு மாவட்டக் கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்குக் கருப்பை அகற்றப்பட்டது 2019 இல் பெரும் விவாதமாயிற்று. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க நடுவண் நலவாழ்வு அமைச்சகம் 2022 இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என 2023 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் பணித்தது.