சுவரில் தங்கும் நிறம்: தமிழ்நாட்டு வீடுகளில் அச்சோவியம் அடைந்த மாற்றம்

முன்னுரை

வெம்பாக்கம் வட்டத்து மாமண்டூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குகைக் கோயில் ஒன்றில் சிதைந்த வடமொழிக் கல்வெட்டு உள்ளது. அதில் வரும் ‘தட்சிணசித்திரம்’ என்னும் பெயர் ஓர் ஓவிய நூலைக் குறிக்கும் என்பது அறிஞர் கருத்து. ‘சித்திரகாரப்புலி’ எனப் பட்டம் பூண்ட அம்மன்னன் ஆண்ட ஏழாம் நூற்றாண்டில் சுவரின் ஆயுளே ஓவியத்தின் ஆயுள். இன்று வீட்டை அலங்கரிக்கும் அரூப ஓவிய அச்சுக்கோ தாளும் மையுமே ஆயுளைத் தீர்மானிக்கின்றன. அச்சுப்படம் தலைமுறை தாண்டி நிலைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, உருவத்தைத் துறந்த ஓவியம் வீட்டுக்குள் வந்தபோதுதான் வலுப்பெற்றது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தெய்வப் படங்களின் காலம்

இரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் இலட்சுமியையும் சரசுவதியையும் எளியோர் வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக்கல் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் கல்லச்சு முறை அது. தமிழ்நாட்டில் இந்த மரபு சிவகாசிக்கு வந்து சேர்ந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்து வளர்ந்த அச்சகங்கள் நாட்காட்டித் தொழிலில் முன்னணிக்கு வந்தன. அவற்றுக்குப் படம் வரைந்தவர்களில் தலைமையானவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் சில காலம் தங்கி, பின்னர் நாடகக் குழுவுக்குத் திரை எழுதியவர் அவர். அவருடைய மாணவர் வரிசை பல பத்தாண்டுகள் நாட்காட்டிப் படங்களை வரைந்தது.

நாட்காட்டி ஓராண்டுப் பொருள். நகைக்கடையும் ஜவுளிக்கடையும் அதை இலவசமாகவே தந்தன. ஆண்டு முடிந்ததும் தேதித்தாள் போய்விடும். படத்தை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள். வெயில் படும் சுவரில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளிறும். சில ஆண்டுகளில் முருகன் முழுக்க நீலம் பாய்ந்து நிற்பான். ஆனாலும் வேலும் மயிலும் தெரியும்வரை அவன் முருகன்தான். பூவும் பொட்டும் குறையாது. உருவமே பொருளைத் தாங்குவதால், நிறம் போனதை யாரும் இழப்பாக எண்ணவில்லை.

அரூபத்தின் வருகை

உருவமற்ற வடிவம் தமிழருக்குப் புதிதன்று. வாசலில் கோலமும் ஆரணிப் பட்டில் கட்டமும் கோடும் தலைமுறைகளாக உள்ளவை. எனினும் சுவரில் மாட்டும் சட்டத்துக்குள் அது வந்தது பிந்தியே. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை வரைந்தார். எழுத்துப்போலத் தோன்றும் கீறல்களும் சாதகக் கட்டங்களும் அவற்றில் நிறைந்திருந்தன. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம், பாட்டிக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் விற்ற பணத்தால் காலூன்றியது. ஓவியம் வாங்கத் தயங்கிய வீடுகளுக்குள் நவீன வடிவம் துணியாக நுழைந்தது. அச்சையே படைப்பாகக் கையாண்டவர்களில் தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் குறிப்பிடத்தக்கவர். எண்களும் கோடுகளும் இயக்கத்தின் தடங்களும் அவர் அச்சோவியங்களின் பொருள். இத்தகைய அச்சில் ஓவியரின் கையொப்பமும் ‘5/20’ போன்ற பிரதி எண்ணும் பென்சிலில் இருக்கும். மொத்தம் 20 பிரதிகளில் இது ஐந்தாவது என்று பொருள்.

அரூப ஓவியத்தில் ஒரு சிவப்புக்கும் அடுத்த காவிக்கும் உள்ள வேறுபாடே பொருளாக இருக்கலாம். இரண்டும் வெளிறி ஒன்றானால் ஓவியத்தில் மிஞ்சுவது தாள்தான்.

தாளும் மையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரக்கூழும் படிகாரம்–ரோசின் பூச்சும் தாளை மலிவாக்கின. அமிலத்தையும் அதனுள் விதைத்தன. பழைய செய்தித்தாள் பழுப்பேறி நொறுங்குவது இதனால்தான். நிலைத்த தாளுக்கான ஐஎஸ்ஓ 9706 தரவிதி 1994இல் வந்தது. தாளின் காரஅமிலச் சுட்டெண் 7.5க்கும் 10க்கும் இடையில் இருக்க வேண்டும், அமிலத்தை முறிக்கச் சுண்ணக் கார்பனேட் போன்ற காரச் சேமிப்பு வேண்டும் என்பவை அதன் விதிகளில் அடங்கும். பருத்தி நாரில் செய்த தாளை ஓவியர்கள் விரும்புவதும் அது நெடுநாள் நிலைக்கும் என்பதால்தான்.

மையின் கதை வேறு. 1990களின் தொடக்கத்தில் ஐரிஸ் மைத்தெளிப்பு இயந்திரங்களில் எடுத்த கலை அச்சுகளுக்கு ‘ஜிக்லே’ என்று பெயர் வந்தது. ஆனால் அவற்றின் சாய மை விரைவில் வெளிறியது. சாயம் நீரில் கரைந்த மூலக்கூறு. ஒளி அதை எளிதில் சிதைக்கும். நிறமி திடத் துகள், மெல்லத்தான் சிதையும். 2000ஐ ஒட்டி நிறமி மை இயந்திரங்கள் சந்தைக்கு வந்த பிறகே, நெடுங்காலம் நிலைக்கும் என்று பொருள்படும் ‘ஆவணத்தரம்’ என்ற சொல்லுக்கு உண்மையான அடிப்படை கிடைத்தது.

முடிவுரை

தெய்வப்படத்துக்குத் தேவைப்படாத நிலைபேறு அரூப அச்சுக்கு உயிர்நாடியாயிற்று. ஆயினும் ‘ஆவணத்தரம்’ என்று கடைக்காரர் சொல்வது மட்டும் சான்றாகாது. தாள் அமிலமற்றதா, மை நிறமியா, பின்னட்டையும் அமிலமற்றதா, படம் கண்ணாடியில் ஒட்டாமல் இடைவெளி உண்டா என்ற நான்கையும் கேட்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் கண்ணாடியில் ஒட்டிய தாள் பூஞ்சை பிடிக்கும். பட்டு எடுக்கும்போது சாயம் போகுமா என்று கேட்காமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. சுவருக்கு வாங்கும் படத்துக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்.