குவளாலத்துக் கல்லும் பொன்னும்

விடுமுறை வந்தால் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் மைசூருக்குச் செல்வதும், நந்தி மலை ஏறுவதும் வழக்கம். கிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாரில் இறங்கிப் பார்த்தவர் நம்மில் சிலரே.

கோலாரின் பழம்பெயர் குவளாலம். மேலைக் கங்கர் முதலில் இதனையே தலைநகராகக் கொண்டனர். தலைக்காட்டுக்குப் பெயர்ந்த பின்னரும் குவளாலபுரத்தின் தலைவர் என்ற விருதை அவர்கள் விடவில்லை. 1004-ஆம் ஆண்டையொட்டிச் சோழர் கங்கநாட்டைக் கைக்கொள்ளவே, இப்பகுதி நிகரிலிச் சோழ மண்டலம் என வழங்கலாயிற்று. 1116-இல் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டை வென்றான். சோழராட்சி இந்நாட்டைவிட்டு நீங்கிற்று. கல்லெழுத்து மட்டும் நீங்கவில்லை.

கோலாரம்மன் ஆலயத்தில் முதலாம் இராஜேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளைக் காண்கிறோம். இன்று கன்னட மக்கள் கோலாரம்மா என்று போற்றும் அன்னையை அவை பிடாரி என்று குறிக்கின்றன. தேளுக்குரிய அம்மைக்கும் இங்கே சந்நிதி உண்டு. அவளுக்குரிய காணிக்கையைத் தரையிலுள்ள குழியில் இடுகிறார்கள். நம்முடன் வந்த சிறுவன் பள்ளியில் கன்னடம் பயில்பவன். தமிழைப் பேச மட்டுமே அறிவான். வாயிற் பலகையை அவன் நமக்குப் படித்துச் சொன்னான். சுவரில் அடையாளம் தெரிந்த ஓரிரு எழுத்தை நாம் அவனுக்குக் காட்டினோம்.

ஊருக்கு மேற்கே அந்தரகங்கை. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இம்மாவட்டத்தில், மலைச்சரிவிலுள்ள கல் நந்தியின் வாயினின்று நீர் ஒழுகுவதைக் காண்பது தனி இன்பம். அதற்கு மேலே பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து அமைந்த குகைகள் உள்ளன. முள்பாகலுக்கு அருகேயுள்ள ஆவணியில் இராமன், இலக்குவன், பரதன், சத்துருக்கனன் பெயர்களால் வழங்கும் சிவாலயங்களைக் காணலாம். அவை நுளம்பர் காலத்துப் பணி. சீதை லவ குசரை ஈன்ற இடம் அதுவே என்பது அவ்வூரார் நம்பிக்கை.

இவ்வளவும் கண்டவர் தங்கவயலைக் காணாது திரும்பலாகாது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து நம்மவர் திரளாக வந்தனர். 1902-இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியின் மின்சாரம் இங்கே வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. அங்கே வெப்பத்திலும் பாறைவெடிப்பிலும் உழைத்தவர்களும், உயிர் நீத்தவர்களும் பலர். 2001 பிப்ரவரி 28-இல் தொழில் நின்றது. இன்று எஞ்சியிருப்பவை ஓய்ந்த இயந்திரக் கோபுரங்களும், பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண் மேடுகளுமே.

சோழன் செய்வித்த அறத்தைக் கல் சொல்கிறது. சுரங்கத்தில் இறங்கிய பாட்டனாரின் பெயரைச் சொல்ல அப்படி ஒரு கல் இல்லை. வீட்டுப் பெரியவர்களின் நினைவே உண்டு. ஆதலால் கோலாருக்குச் செல்லும்போது முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வோம். கல்வெட்டின் மீது எண்ணெயோ சுண்ணாம்போ படாமல் காப்போம். அவர் சொல்வதை வீடு திரும்பியவுடன் ஓர் ஏட்டில் எழுதி வைப்போம்.