நிலத்தடி வெறுமையும் வீட்டின் விலையும்

வீடொன்றை விலைக்கு வாங்க எண்ணும் ஒருவர் அதன் சுவரைப் பார்க்கிறார், கூரையைப் பார்க்கிறார், காணி உறுதியை வாங்கி எல்லைகளைப் படித்துப் பார்க்கிறார். அக்காணியின் அடியில் என்ன இருக்கிறதென்று கேட்பவர் மிகச் சிலர். காலுக்குக் கீழே நிலம் இருக்கும் என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆயினும், அந்த நம்பிக்கை பொய்த்துப்போகும் நாடுகளும் உலகில் உண்டு. அங்கே ஒரு வீடு மண்ணுள் இறங்கும்போது, அவ்விழப்பு யாரைச் சேர்வது என்ற வினா எழுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கு மூலையிலுள்ள புளோரிடா மாநிலம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வினாவோடு போராடி வந்திருக்கிறது.

புளோரிடா பெரும்பாலும் சுண்ணக்கல்லின் மேல் அமைந்த நாடு. அக்கல்லின் மேல் மணலும் களிமண்ணும் படர்ந்துள்ளன. வானிலிருந்து வீழும் மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டு வாயுவைத் தன்னுட் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாக மாறுகின்றது. அந்நீர் கல்லின் வெடிப்புக்களிற் புகுந்து, பல்லாயிரம் ஆண்டுகளாகக் கல்லை அரித்துக் குடைந்து, நிலத்தடியில் வழிகளையும் குகைகளையும் உண்டாக்குகின்றது.

இத்தகைய நிலம் இலங்கைக்கும் புதியதன்று. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் நிலமே. மழைநீர் அங்கும் கல்லைக் கரைத்து நிலத்தடி நீர்வழிகளை அமைத்திருக்கின்றது. நிலாவரைக் கிணறு, நிலத்தடிக் குகையொன்றின் கூரை இடிந்து வீழ்ந்தமையால் உண்டானதென்பது புவிச்சரிதவியலார் கருத்து. மக்கள் வியந்து நோக்கும் கிணறாக அமைந்த அதே நிகழ்ச்சி, நெருங்கிய குடியிருப்பின் நடுவே நேர்ந்தால் பெருங்கேடாகிவிடும்.

குகையினுள் நீர் நிறைந்திருக்கும்வரை அந்நீர் மேலுள்ள மண்ணை ஓரளவு தாங்கி நிற்கின்றது. வறட்சியாலோ, மனிதர் மிகுதியாக இறைப்பதாலோ நீர்மட்டம் தாழுமாயின், தாங்குவாரின்றி மண் உள்ளே சரிகின்றது. சில இடங்களில் நிலம் பல ஆண்டுகளாக மெல்ல மெல்லத் தாழ்கின்றது; சில இடங்களில் ஒரே நாளில் வாய் திறக்கின்றது. 2010 ஜனவரியில் புளோரிடாவைக் கடுங்குளிர் பற்றிக்கொண்டது. பிளான்ற் சிற்றி என்னும் ஊரைச் சூழ்ந்த ஸ்ரோபெரித் தோட்டங்களின் விவசாயிகள், பனியிலிருந்து பயிரைக் காக்கும் பொருட்டுத் தொடர்ந்து பல இரவுகள் நிலத்தடி நீரை இறைத்துச் செடிகளின்மேல் தெளித்தனர். நிலத்தடி நீர்மட்டம் ஏறத்தாழ 60 அடி இறங்கிற்று. அவ்வட்டாரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளங்கள் தோன்றின. பல வீட்டுக் கிணறுகளும் வற்றிப்போயின. ஒருவர் தோட்டத்திற் பயிர் பிழைத்தது. மற்றொருவர் முற்றத்தில் நிலம் இறங்கியது.

இவ்வரலாற்றில் யாவரும் நினைவுகூரும் ஆண்டு 1981. அவ்வாண்டு மே மாதம் 8ஆந் திகதி மாலை, ஒலாண்டோ நகரையடுத்த வின்ரர் பார்க் என்னும் ஊரில் நிலம் உள்வாங்கத் தொடங்கியது. அடுத்த நாளுக்குள் அப்பள்ளம் 300 அடிக்கு மேல் அகன்றுவிட்டது. ஒரு வீடு முழுவதும் அதனுள் மறைந்தது. நகரசபையின் நீச்சற் குளத்தில் ஒரு பகுதியும், வீதியின் ஒரு பகுதியும், அயலிலிருந்த திருத்தகமொன்றின் மோட்டார் வண்டிகள் சிலவும் உடன் சென்றன. பின்னர் அங்கு நீர் நிறைந்து, அவ்விடம் ஓர் ஏரியாயிற்று.

வீட்டுக்குக் காப்புறுதி செய்தவர், தீ, புயல், களவு முதலியவற்றுக்கு நட்டஈடு பெறுவர். ஆனால், நிலம் அசைவதால் வரும் சேதத்தைச் சாதாரண வீட்டுக் காப்புறுதிப் பத்திரம் விலக்கியே எழுதப்படுவது வழக்கம். வீட்டின்மீது கடன்பட்டவர் வீடு மண்ணுட் போனபின்னும் கடனைக் கட்டவேண்டியவராகிறார். வின்ரர் பார்க்கில் நிலம் திறந்த அந்த 1981ஆம் ஆண்டு முதலாக, வீட்டுக் காப்புறுதி விற்கும் நிறுவனங்கள் நிலவிறக்கத்தால் விளையும் சேதத்துக்கும் காப்பு அளித்தல் வேண்டும் என்று புளோரிடாச் சட்டம் விதித்தது. ஒருவர் தலையில் விழும் பேரிழப்பைப் பலர் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொள்வதே காப்புறுதியின் தத்துவம். அத்தத்துவம் நிலத்தடி வரை சென்ற நிகழ்ச்சி இது.

சட்டம் எளிதாயிருந்தது, அதனை நடைமுறைப்படுத்துவது எளிதாயிருக்கவில்லை. வின்ரர் பார்க்கிற் போலக் கண்கூடாகத் தோன்றும் பள்ளங்கள் சிலவே. பெரும்பாலான வீடுகளில் நேர்ந்தது சுவரில் ஒரு வெடிப்பு, தளத்தில் ஒரு சாய்வு, இறுகி நிற்கும் ஒரு கதவு. சுருங்கி விரியும் களிமண்ணும் சுவரை வெடிக்கச் செய்யும். குறைபட்ட கட்டிட வேலையும் வெடிக்கச் செய்யும். எது நிலத்தடிக் குகையின் வேலை என்று அறிய, நிலத்தைத் துளைத்துப் பார்க்கும் பொறியியலாளர் வேண்டியிருந்தது. அவர் முடிவை மறுக்க வேறொரு பொறியியலாளரும், இருவருக்குமிடையே வழக்காடச் சட்டத்தரணிகளும் வந்து சேர்ந்தனர். மாநிலக் காப்புறுதி ஒழுங்குமுறை அலுவலகம் திரட்டிய கணக்கின்படி, 2006இல் 2,360 ஆக இருந்த கோரிக்கைகள் 2010இல் 6,694 ஆக உயர்ந்தன. அந்த ஐந்தாண்டுகளில் எழுந்த 24,671 கோரிக்கைகளின் மொத்தச் செலவு ஏறத்தாழ 140 கோடி டொலர். இவற்றிற் பெரும்பகுதி ஹேர்னாண்டோ, பாஸ்கோ, ஹில்ஸ்பரோ என்னும் மூன்று மாவட்டங்களைச் சேர்ந்தது. தனியார் நிறுவனங்கள் அங்கிருந்து பின்வாங்கின. மக்கள் நாடிய அரச சார்புக் காப்புறுதி நிறுவனமோ, நிலவிறக்கத்துக்கெனப் பெற்ற கட்டணத்திலும் பன்மடங்கான இழப்பைச் சுமந்தது.

நட்டஈடு பெற்றவர் யாவரும் வீட்டைத் திருத்தினாரல்லர். நிலத்துள் இரும்புக் குழாய்களை இறக்கிச் சீமெந்துக் குழம்பைச் செலுத்தி வெற்றிடங்களை அடைப்பதும், உருக்குத் தூண்களை ஊன்றி அத்திவாரத்தைத் தாங்குவதும் பெருஞ்செலவான வேலைகள். பணத்தைப் பெற்றுக் கடனை அடைத்துவிட்டு, வீட்டை அப்படியே விற்றுச் சென்றோரும் இருந்தனர்.

இங்கேதான் வீட்டின் விலை காப்புறுதியோடு பிணைகின்றது. காப்புறுதி இல்லாத வீட்டுக்கு வங்கி கடன் கொடுப்பதில்லை. கடன் இல்லையேல், முழுப் பணத்தையும் கையில் வைத்திருப்பவரே வாங்கலாம். அவர் கேட்கும் விலையோ தாழ்ந்த விலை. நிலவிறக்கம் பற்றிய ஆய்வறிக்கை மாவட்ட நீதிமன்றப் பதிவாளரிடம் பதியப்படல் வேண்டுமென்றும், நட்டஈடு பெற்ற வீட்டை விற்பவர் அதனையும், அப்பணம் முழுவதும் திருத்த வேலைக்குச் செலவிடப்பட்டதா என்பதையும் வாங்குபவருக்கு அறிவித்தல் வேண்டுமென்றும் சட்டம் விதித்தது. வாங்குபவரைக் காக்கும் நேர்மையான விதி இது. ஆயினும், அது வீட்டின் மீது அழியாத ஒரு குறியை இட்டது. முறையாகத் திருத்தப்பட்ட வீடுங்கூட அக்குறியைச் சுமந்தே சந்தைக்கு வந்தது. திருத்தப்படாத வீடு அருகே நின்றால், குறையொன்றுமில்லாத அயல்வீட்டையும் வாங்குவோர் ஐயத்தோடு பார்த்தனர்.

சட்டமன்றம் இருமுறை பெரிய மாற்றங்களைச் செய்தது. 2007இல், எல்லா வீட்டுப் பத்திரங்களிலும் கட்டாயமாக இருக்கவேண்டிய காப்பு பேரழிவான நிலவிறக்கத்துக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. நிலம் திடீரென இடியவேண்டும்; பள்ளம் வெறுங் கண்ணுக்குத் தெரியவேண்டும்; அத்திவாரம் உட்படக் கட்டிடத்தின் அமைப்புச் சேதமடையவேண்டும்; அரச அதிகாரிகள் வீட்டைக் குடியிருக்கத் தகாததென அறிவித்து வெளியேறப் பணிக்கவேண்டும். இந்நான்கும் ஒருங்கே பொருந்தினால் மட்டுமே நட்டஈடு. ஏனைய நிலவிறக்கத்துக்குக் காப்பு வேண்டுவோர் மேலதிகக் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்ளலாம். 2011இல் வந்த சட்டம் ‘அமைப்புச் சேதம்’ என்ற சொல்லுக்குக் கண்டிப்பான பொருள் வகுத்தது; கோரிக்கையை இரண்டாண்டுக்குள் எழுப்பவேண்டுமென்றது; பெறும் பணத்தை வீட்டைத் திருத்தவே பயன்படுத்தவேண்டுமென்றது. அதன்பின் கோரிக்கைகள் வெகுவாகக் குறைந்தன. நிலம் மாறவில்லை, அதனைக் குறிக்கும் சொற்களின் பொருளே மாறியது. மெல்லச் சாய்ந்துகொண்டிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், மேலதிகக் கட்டணம் செலுத்தியிராவிட்டால், தம் இழப்பைத் தாமே சுமப்பவரானார்.

இழப்புப் பணத்தோடு நிற்பதுமில்லை. 2013 பெப்ரவரி 28ஆந் திகதி இரவு, ஹில்ஸ்பரோ மாவட்டத்தின் செவ்னர் என்னும் ஊரில், ஒரு வீட்டின் படுக்கையறைக்கு அடியில் நிலம் திறந்தது. உறங்கிய மனிதர் ஒருவர் அதனுள் வீழ்ந்து இறந்தார். அவர் உடல் மீட்கப்படவில்லை. வீடு இடிக்கப்பட்டுப் பள்ளம் நிரப்பப்பட்டது. 2015இலும், மீண்டும் 2023இலும் அதே இடம் வாய் திறந்தது. 2017இல் பாஸ்கோ மாவட்டத்தில் வேறொரு பள்ளம் இரண்டு வீடுகளை விழுங்கியது.

காப்பை விரிவாக்கினால் கட்டணம் ஏறி யாவரையும் வருத்துகின்றது; சுருக்கினால் தனிமனிதன் தலையில் வாழ்நாள் உழைப்பின் அழிவு விழுகின்றது. புளோரிடா இவ்விரண்டையும் முயன்று பார்த்தது. இரண்டினுள்ளும் யாரோ ஒருவர் விலை கொடுக்கவே வேண்டியிருந்தது. சட்டத்தால் நிலத்தடிக் குகையை மூட இயலாது. இழப்பை எவ்வாறு பங்கிடுவதென்று மட்டுமே அது கூறவல்லது. அப்பங்கீடு நீதியாக அமைய, நிலத்தைப் பற்றிய அறிவு வாங்குபவர், விற்பவர், கடன் கொடுப்பவர் ஆகிய யாவருக்கும் ஒருபடித்தாய்க் கிடைத்தல் வேண்டும். சுண்ணக்கல்லின் மேல் வீடு கட்டி, அக்கல்லினுள் ஓடும் நீரையே இறைத்து வாழும் மக்கள் எந்நாட்டிலிருந்தாலும், காணி உறுதியோடு நிலத்தின் உறுதியையும் கேட்டறியக் கடமைப்பட்டவராவர்.