நோஞ்சான் வைத்ததே சட்டம்

வீட்டு இன்வர்ட்டர் பேட்டரிக்குள் ஆறு செல்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கின்றன. ஒன்று முந்தி நிரம்பினால்? குடி முழுகாது. அதிலுள்ள தண்ணீர் குமிழியிட்டுப் பிரியும். அதற்குள் மற்றவை நிரம்பிவிடும். நீங்கள் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினால் போதும்.

1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் செல் அப்படியல்ல. மகா ரோஷக்காரப் பயல். எல்லை தாண்டி ஏற்றினால் தீயே பிடிக்கும்.

2008-ல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டர் காரில் 6,831 செல்கள். 69, 69 ஆகச் சேர்த்து 99 கோஷ்டிகள். எல்லாம் ஒரே வரிசை. ஒரு கோஷ்டி நிரம்பினாலே சார்ஜை நிறுத்தியாக வேண்டும். ஒன்று காலியானால் வண்டியே நிற்கும், மற்ற 98-ல் மிச்சமிருந்தாலும்!

நிரம்பியதிலிருந்து குறைந்ததற்கு மின்சாரத்தைக் கடத்தும் சர்க்யூட் உண்டு. விலைதான் இடிக்கிறது. எனவே பெரும்பாலான கார்களில் இன்றும் ஒரு குட்டி டிரான்சிஸ்டர் சுவிட்ச் போட, முந்திக்கொண்ட செல்லின் உபரி மின்சாரம் ரெசிஸ்டரில் சூடாகி வீணாகிறது, மற்றவை வந்து சேரும்வரை. அநியாயம்தான். கணக்குப் போட்டால் அதுவே மலிவு.