வில்லங்கம் ஏதுமில்லை

“போருக்கு முந்தைய கட்டடம். ஒரு படுக்கையறை. உயரமான கூரை, தடித்த சுவர், ஓக் மரத்தரை, ஜன்னலடியில் நீராவிக் கணப்பு. மெட்ரோ நடை தூரத்தில். வரலாற்றுச் சிறப்புமிக்க பகுதி.”

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பழைய அடுக்ககத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தால் விளம்பரம் பெரும்பாலும் இந்தத் தோரணையில்தான் இருக்கும். போர் என்றால் இரண்டாம் உலகப்போர். அதற்கு முன்னால் கட்டிய கட்டடம் என்றால் அங்கே தனி மவுசு. நம்ம பக்கத்தில் தேக்குத்தூண் வைத்த வீடு என்று சொல்லும்போது குரலில் ஒரு கனம் ஏறுமே, அது மாதிரி.

அங்கே வேலை பார்க்கிற எங்க தெருப் பொண்ணு ஒருத்தி கேட்டாள்: “அண்ணே, இந்த மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பழைய கட்டடமாச்சே, என்ன பாக்கணும்?” இங்கே யார் கேட்டாலும் சொல்வதைத்தான் சொன்னேன். மூலப்பத்திரம் பாரு, வில்லங்கம் பாரு. சொன்ன பிறகுதான் அந்த ஊரின் வில்லங்கத்தை நானே தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்த வாசிப்பிலிருந்து எழுதுவது இது.

முதலில் ஒன்று. நாலு சுவருக்குள் இருப்பது உனக்கு, நிலத்தில் பிரிபடாத பாகம் எல்லாருக்கும் என்கிற இந்த அடுக்கக உடைமைமுறைக்கு வாஷிங்டனில் சட்டம் வந்ததே 1963இல்தான். ஆகவே போருக்கு முந்தைய கட்டடம் எதுவும் அப்படி வீடு வீடாக விற்பதற்காகக் கட்டப்பட்டதல்ல. பெரும்பாலும் ஒருத்தர் சொத்து, மற்றவர் எல்லாம் வாடகைக்கு. மூலத்தைத் தேடினால் வீட்டில் நிற்காது; மண்ணுக்குத்தான் போகும்.

எஸ் தெரு என்று ஒரு தெரு, ஊரின் வடமேற்கில். 1921ஆம் வருசம் 18ஆம் தெருவுக்கும் நியூ ஹாம்ப்ஷைர் அவென்யூவுக்கும் நடுவில் வீடு வைத்திருந்த முப்பது வெள்ளையர்கள் சேர்ந்து ஒரு உடன்படிக்கை எழுதிப் பதிவு செய்தார்கள். 21 வருசத்துக்கு இந்த வீடுகளை நீக்ரோ இனத்தார் எவருக்கும் விற்கக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது, தானமாகவும் தரக்கூடாது. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் ஐரீன் கோரிகன். மறு வருசமே அவர் தன் வீட்டை ஹெலன் கர்டிஸ் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார். பக்கத்தார் ஜான் பக்லி வழக்குப் போட்டார். எழுதிக் கொடுத்துவிட்டு எப்படி மீறலாம் என்பது அவர் வாதம். அயோக்கியத்தனத்துக்கும் ஒரு நாணயம் இருக்கிறது பாருங்கள்!

வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 1926 மே 24இல் எல்லா நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னது இது: அரசியல் சட்டம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதர்கள் தங்கள் சொத்தைப் பற்றித் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் அதற்கு வேலையில்லை. முன்பு 1917இல் லூயிவில் நகரம் கறுப்பர்கள் வெள்ளையர் தெருவில் குடியேறக்கூடாது என்று போட்ட சட்டத்தை இதே நீதிமன்றம்தான் செல்லாது என்றிருந்தது. ஆக, நகராட்சி செய்தால் குற்றம், தெருக்காரர்கள் சேர்ந்து செய்தால் சொத்துரிமை. 1926க்குப் பிறகு இந்தப் பத்திரங்கள் நாடு முழுக்கப் பரவின. 1934இல் வந்த மத்திய வீட்டுவசதி நிர்வாகம், வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தருகிற அரசு அலுவலகம், தன் கையேட்டிலேயே இப்படிப்பட்ட நிபந்தனைகளைப் பரிந்துரைத்தது. ‘தனியார் ஒப்பந்தம்’ என்ற முகமூடி எவ்வளவு காலம் நின்றது என்று இதிலேயே தெரிகிறது.

இந்தப் பத்திரங்கள் பலவற்றில் ஒரு விலக்கு உண்டு. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கறுப்பர் எவரும் இங்கே குடியிருக்கக்கூடாது, வீட்டு வேலைக்காரர்களாகத் தவிர. சமைக்கலாம், பிள்ளை வளர்க்கலாம், பின்கட்டு அறையில் படுத்துக்கொள்ளலாம். சொந்தக்காரியாக மட்டும் ஆகக்கூடாது. போருக்கு முந்தைய பெரிய கட்டடங்களில் வேலைக்காரர்களுக்கென்று தனி வழி, தனிப் படிக்கட்டு வைத்த வரைபடங்களைப் பார்க்கிறோமே, அந்தத் தடித்த சுவர் சத்தத்தை மட்டுமா தடுத்தது?

இன்னொரு தெரு, பிரையண்ட் தெரு. 1906இல் அங்கே இருபது மனைகளை விற்றபோது பத்திரத்திலேயே எழுதிவிட்டார்கள். எந்த நீக்ரோவுக்கும் எந்த நிறத்தவருக்கும் இது ஒருபோதும் விற்கப்படாது; மீறினால் 2,000 டாலர் அபராதம், அது சொத்தின் மேல் பாத்தியமாக நிற்கும். இங்கே 21 வருசக் கணக்கெல்லாம் கிடையாது. நம்ம பதிவு அலுவலகத்துப் பாஷையில் சுத்தமான வில்லங்கம்.

ரஃபேல் உர்சியோலோ என்கிற வெள்ளைக்கார வழக்கறிஞர், வீட்டுத்தரகரும்கூட, அந்தத் தெருவில் கறுப்பினத்தவருக்கு வீடு விற்றார். ஜேம்ஸ் ஹர்ட் என்பவரும் அங்கே ஒரு வீடு வாங்கினார். தெருவிலிருந்த ஹாட்ஜ் குடும்பமும் மற்ற வெள்ளையரும் வழக்குப் போட, கீழ் நீதிமன்றம் கிரயங்களைச் செல்லாதவையாக்கி, 60 நாளில் சாமான்களோடு வெளியேறச் சொன்னது.

இந்த வழக்கில் ஒரு விஷயத்தைச் சீக்கிரம் தாண்டிப்போக என்னால் முடியவில்லை. ஜேம்ஸ் ஹர்ட் நீதிமன்றத்தில், நான் நீக்ரோவே அல்ல, மோஹாக் பூர்வகுடி என்றார். நீதிமன்றம் ஏற்கவில்லை, நீ நீக்ரோதான் என்று முடிவு சொன்னது. சொந்தக் காசில் வாங்கிய வீட்டில் இருப்பதற்காக ஒரு மனுசன் தன் பிறப்பை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதையும் ஒரு நீதிபதி உட்கார்ந்து ஆராய்கிறார். சென்னையில் நான் வீடு தேடிய நாட்களில் வீட்டுக்காரர்கள் முதலில் சொந்த ஊர் எது என்பார்கள், அப்புறம் ஊருக்குள்ளே எந்தத் தெரு என்பார்கள். கொஞ்சம் தைரியசாலி என்றால் “நீங்க என்ன ஆளுங்க?” என்றே கேட்டுவிடுவார். வேறு பெயர் சொல்லி வீடு பிடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஹர்ட்டுக்காக உச்சநீதிமன்றத்தில் வாதாடியவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன், அதே வாஷிங்டனில் பிறந்த கறுப்பின வழக்கறிஞர். 1948 மே 3இல் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் தனியாருடையதாக இருக்கலாம், அதை நிறைவேற்றித் தரும் நீதிமன்றம் அரசின் அங்கம், ஆகவே நீதிமன்றம் அந்த வேலையைச் செய்யாது. ஆறு நீதிபதிகள்தான் தீர்ப்புச் சொன்னார்கள். மற்ற மூவர், ரீட், ஜாக்சன், ரட்லெட்ஜ், காரணம் சொல்லாமல் விலகிக்கொண்டார்கள். அவர்களுடைய சொந்த வீடுகளே இப்படிப்பட்ட பத்திரத்துக்குள் இருந்ததுதான் காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. அப்போதும் காகிதம் செத்துவிடவில்லை. இப்படி மறுப்பதே குற்றம் என்று சட்டம் வர 1968 ஏப்ரல் ஆனது, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வாரம் கழித்து.

இனி அந்த ‘வரலாற்றுச் சிறப்புமிக்க பகுதி’. எஸ் தெருவுக்குச் சற்று வடகிழக்கே யூ தெரு. மற்ற தெருக்களில் நுழையவிடாததால் கறுப்பின மக்கள் தங்கள் கையாலேயே கட்டிக்கொண்ட நகரம் அது. 1867இல் தொடங்கிய ஹோவர்டு பல்கலைக்கழகம் பக்கத்தில். 1919இல் கறுப்பர் பணத்தில், கறுப்பினக் கட்டடக்கலைஞர் வரைந்து எழுந்த வைட்லா ஹோட்டல். டியூக் எலிங்டன் பிறந்து வளர்ந்த ஊர். இதற்கெல்லாம் மறுபக்கமும் இருந்தது: பெரிய வீடுகளின் முதுகுப்புறச் சந்துகளில் ஏழைக் கறுப்பர்களின் சின்னச்சின்னக் குடியிருப்புகள். 1934இல் அந்தச் சந்து வீடுகளை ஒழிக்கவென்றே ஓர் ஆணையம் போட்டார்கள். ஒழியாமல் தப்பிய சந்துகள் சிலவற்றில் இன்றைக்குச் செல்வர்கள் சாப்பிட வருகிறார்கள்.

1968 ஏப்ரலில் 14ஆம் தெருவும் யூ தெருவும் சந்திக்கும் இடத்தில்தான் கலவரம் தொடங்கியது. கடைகள் எரிந்தன. பல வருசம் யாரும் சீந்தவில்லை. அப்போதும் அங்கேயே கிடந்து தெருவைக் காப்பாற்றியவர்கள் கறுப்பர்கள்தான். 1991இல் மெட்ரோ நிலையம் திறந்தது. அப்புறம் விலை ஏறியது, வரி ஏறியது, வாடகை ஏறியது. வாடகைக் கட்டடங்களை அடுக்ககமாக மாற்றி விற்கும் வேகம் அதற்கு முன்பே தொடங்கியிருந்ததால், குடியிருப்பவருக்கே முதலில் வாங்கும் உரிமை என்று 1980இல் நகரம் சட்டம் செய்திருந்தது. உரிமை சரி, காசு? நகர மக்களில் 1970இல் 71 சதம் கறுப்பர்கள். 2020இல் 41.

பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன. லேங்ஸ்டன் ஹியூஸ் 1925இல் வாஷிங்டனின் வார்ட்மன் பார்க் ஹோட்டலில் எச்சில் தட்டு எடுக்கிற வேலையில் இருந்தார். அங்கே சாப்பிட வந்த கவிஞர் வேச்சல் லிண்ட்சேயின் மேசையில் தன் கவிதைகள் மூன்றை வைத்துவிட்டுப் போனார். அந்த ஹியூஸ் பெயரில் 14ஆம் தெரு ஓரமாக இப்போது ஓர் அடுக்ககம். எலிங்டன் பெயரில் யூ தெருவிலேயே ஒன்று. ஆளை விரட்டிவிட்டுப் பெயரைக் கதவில் மாட்டுவது அங்கே மட்டும் நடக்கிற காரியமல்ல.

இந்த இடத்தில் நம் நாட்டைப் பேசாமல் இருக்க முடியாது. அகமதாபாத்தில் ஒரு பார்சி கூட்டுறவு வீட்டுச் சங்கம், பார்சி அல்லாதவருக்கு இடமில்லை என்று விதி வைத்திருந்தது. உறுப்பினர் ஒருவர் விற்கப்போக, வழக்காகி, 2005 ஏப்ரலில் நமது உச்சநீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. சங்கத்துக்குள் மனமுவந்து சேர்ந்தவர் அதன் துணைவிதிக்குக் கட்டுப்பட்டவர் என்றது. 1926இல் கோரிகன் வழக்கில் கேட்ட அதே குரல். பார்சிகள் சிறு சமூகம், அவர்கள் அச்சம் புரியாததல்ல. ஆனால் அந்தத் தர்க்கம் பார்சிகளோடு நிற்குமா? அரசியல் சட்டத்தின் 15(2) கடை, ஹோட்டல், கிணறு, குளம், சாலை என்று பட்டியல் போடுகிறது. வீடு அதில் இல்லை. 1955ஆம் வருசத் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் வீடு வாங்குவதும் குடியிருப்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. அதைக் கொண்டு யாரைப் பிடிப்பது? இங்கே எவனும் எழுதி வைப்பதில்லையே. ‘சைவம் மட்டும்’ என்று ஒரு சொல் போதும். வெள்ளைக்காரன் பத்திரத்தில் எழுதினான், அதனால் ஹூஸ்டன் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்து நீதிமன்றத்தில் நிற்க முடிந்தது. நம்மிடம் சேரியில் பிறந்தவன் அக்கிரகாரத்தில் மனை வாங்க முடியாத ஊருக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். ‘வில்லங்கம் ஏதுமில்லை’ என்றுதான் வரும்.

வாஷிங்டன் பதிவு அலுவலகத்தைப் பற்றி ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் 1881 முதல் 1886 வரை அந்த அலுவலகத்தின் தலைமைப் பதிவாளராக இருந்தார். அவருக்குப் பிறகும் அந்த நாற்காலி பெரும்பாலும் கறுப்பினத்தவருக்கே தரப்பட்டது. பிரையண்ட் தெரு மனைகள் 2,000 டாலர் அபராத நிபந்தனையோடு விற்கப்பட்ட 1906இல் அதில் உட்கார்ந்திருந்தவர் ஜான் டான்சி. அவரும் கறுப்பர்தான்.